மரக்கட்டையாகக் கிடக்கத் தெரியாதவர்

நர்ஸிங் பள்ளி திறக்கும் மாதம் நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களின் குரல் மாறிவிடும். என் தொடர்கதையின் கதாநாயகி எதற்காக அந்தப் பாவியை மன்னித்தாள் என்று என்னோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்த பெண்கள், திடீரென்று வேறொன்றைக் கேட்கத் தொடங்குவார்கள். ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்துவிடுவேனோ, ஊசி போடும்போது கை நடுங்குமோ, எல்லார் முன்னாலும் திட்டு வாங்கி அழுதுவிடுவேனோ. ஊசியைக் கண்டாலே கண்ணை இறுக்க மூடிக்கொள்கிற என்னிடம் போய்க் கேட்கிறார்களே என்று சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

என்னிடம் அறிவுரை இல்லை. ஆனால் எதிர்வீட்டில் ஒருவர் இருக்கிறார். அவர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. செருப்புக்கடையில் விற்பனையாளர். நர்ஸிங் படிப்பின் முதல் பருவம் முழுவதையும் கட்டிலில் படுத்தபடியே முடித்தவர். அவரும் அவர் மனைவியும் தனித்தனியே என்னிடம் சொன்னதைச் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கடையில் அவர் வேலை செய்வதை நீங்கள் பார்க்க வேண்டும். வாசலில் நீங்கள் காலை வைக்கும்போதே ஸ்டூல் உங்கள் பக்கம் நகர்ந்திருக்கும். நீங்கள் உட்காருவதற்குள் அவர் கீழே குந்தியிருப்பார். வார் கடித்த இடத்தை நீங்கள் தடவுவதற்குள், "கொஞ்சம் அகலமா எடுத்துட்டு வரேன்" என்று எழுந்துவிடுவார். கடைக்கு வந்த குழந்தை உதட்டைப் பிதுக்கத் தொடங்கினால் அது அழுவதற்குள் கையில் பலூன் இருக்கும். எதற்கும் யாரும் அவரைக் கேட்டது கிடையாது. கேட்கும்வரை காத்திருக்க அவருக்குத் தெரியாது.

மனைவி அவருக்கு வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. தெருவுக்கும் அந்தப் பெயர் பழகிப்போய்விட்டது. வீட்டிலும் அதே கதைதான். அவள் பையை எடுக்கப் போனால் பை அவர் தோளில் இருக்கும். அவள் வாளிக்குக் குனிந்தால் அவர் கை அதன் பிடியில் இருக்கும். அவருடைய அம்மா கேலி பேசுவதில் கைதேர்ந்தவர். மூட்டு வலியால் எப்போதும் ஜன்னலோர நாற்காலியில்தான் இருப்பார், ஆனால் வாய்க்கு வலியே கிடையாது. "இன்னைக்கு நேத்தா இப்படி இருக்கான்? எனக்கு வலி வருதுன்னு நான் சொல்றதுக்குள்ள வெளிய வந்து விழுந்தவன் இவன்" என்பார்.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். நானும் நிறையச் சிரித்திருக்கிறேன். அந்த அவசரத்துக்குக் கீழே ஒரு துக்கம் படுத்திருக்கிறது என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

கல்யாணமான புதிதில் அவள் வயிற்றில் ஒரு பிள்ளை உண்டாகியிருந்தது. அப்போதுதான் நாள் தள்ளிப்போய், இருவர் மட்டும் அறிந்த ரகசியமாய் இருந்த நேரம். ஒரு காலை அவர் வாசலில் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அவள் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தாள். "இரு, நான் வரேன்" என்றார். பேச்சு சுவாரசியமாக இருந்தது. முடித்துவிட்டுத் திரும்புவதற்குள் அவளே வாளியை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டாள். மறுநாள் ஆஸ்பத்திரி. பிள்ளை நிலைக்கவில்லை. பிறகும் அந்த வீட்டில் பிள்ளை வரவில்லை. வாளியால் இது நடக்கவில்லை என்று டாக்டர் சொன்னார். கணவர் தலையாட்டினார், காதில் வாங்கவில்லை. அன்றிலிருந்து அவள் கையில் எந்தக் கனமும் ஏற அவர் விட்டதில்லை.

அந்த ஆஸ்பத்திரியிலிருந்து அவள் எடுத்து வந்த நினைவு வேறு. விரிப்பெல்லாம் நனைந்து, வெட்கத்திலும் வலியிலும் சுருண்டு கிடந்தவளிடம் ஒரு நர்ஸ் வந்தாள். எழுந்திருக்கச் சொல்லவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. "உங்கள இந்தப் பக்கம் சாய்க்கிறேன். இப்ப முதுகைத் துடைக்கிறேன். தண்ணி கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கும்" என்று தான் செய்வதை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே, அவளைப் படுக்கையில் வைத்தபடியே நனைந்த விரிப்பை உருவி, காய்ந்த விரிப்பை அடியில் போட்டு, நான்கு மூலையும் இழுத்துச் செருகிவிட்டுப் போனாள்.

"அன்னைக்கு என் வாழ்க்கையில சுருக்கமில்லாம இருந்தது அந்த விரிப்பு ஒண்ணுதான்" என்று அவள் என்னிடம் சொன்னபோது எனக்கு அந்த வாரத் தொடர்கதையை எழுத வரவில்லை.

சலவை நிலையத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டே பல வருடம் அவள் அந்த ஆசையை மடித்து வைத்திருந்தாள். வயது கடந்த பெண்களுக்கும் இடம் தருகிற நர்ஸிங் பள்ளி ஒன்று ஊரில் உண்டு என்று தெரிந்ததும், "கேட்டுப் பாக்கலாமான்னு யோசிக்கிறேன்" என்று ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். மறுநாள் மாலை விண்ணப்பத்தோடு வந்து நின்றார் முந்திரி. கையில் ஒரு அட்டைப்பெட்டி வேறு. உள்ளே வெள்ளை ஷூ, வார்டுக்குள் போகிறவர்கள் போடுவது.

"இன்னும் சேரவே இல்லங்க."

"சேர்ந்ததும் இந்த அளவு கிடைக்கலன்னா?"

சேர்ந்தாள். வகுப்பில் மற்றவர்களெல்லாம் அவளுக்குப் பாதி வயது. எல்லாருக்கும் அவள் அக்கா. எலும்புகளின் பெயர் அவர்களுக்கு ஒரு பார்வையில் ஏறியது, இவளுக்கு ஏறினால் மறுநாள் இறங்கியது. கைவேலையில் மட்டும் விடக்கூடாது என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். முதல் பருவத்தின் முடிவில் ஒரு செய்முறைத் தேர்வு. மயக்கத்தில் கிடக்கும் நோயாளியைப் படுக்கையிலிருந்து இறக்காமல் விரிப்பு மாற்ற வேண்டும். அதில் தேறினால்தான் வார்டு. தவறினால் இன்னொரு வாய்ப்பு. அதிலும் தவறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பழகிப்பார்க்க உடம்பு வேண்டுமே. முந்திரி கடையிலிருந்து வந்ததும் காலைக் கழுவிவிட்டுக் கட்டிலில் ஏறிவிடுவார். ரத்த அழுத்தம் பார்த்தாள், கட்டுப் போட்டாள், கரண்டியால் கஞ்சி ஊட்டினாள். நாற்காலியிலிருந்து மாமியார் வர்ணனை கொடுப்பார்: "நல்லா இருக்கிற மனுஷன வேலைக்கு அனுப்பி, சாயங்காலம் நோயாளியாக்கிக் கட்டில்ல போடுற வீடு இது ஒண்ணுதான்."

விரிப்பு மாற்றுவது அவளுக்குச் சீக்கிரமே கைவந்துவிட்டது. தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை வைத்து லேசாக இழுத்தால் போதும், அவர் பூப்போலத் திரும்பிவிடுவார். பழைய விரிப்பைச் சுருட்டி முதுகோடு சேர்த்துப் புதியதை விரிப்பாள், மறுபக்கம் திருப்புவாள், உருவுவாள், இழுப்பாள். மூலைகளைக் கத்தி போலக் கூராக மடிப்பதில் இஸ்திரிக் கைக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன. "இதுல உன்ன யாரும் அடிச்சுக்க முடியாது" என்று அவர் படுத்தபடியே சான்றிதழ் கொடுத்தார்.

தேர்வு நாள் வந்தது.

நோயாளியாகப் படுத்திருந்தவர் விடுதியின் சமையல்காரர். ஒவ்வொரு வருடமும் அவர்தான். ஆஜானுபாகுவான உடம்பு. பாதித் தேர்வில் நிஜமாகவே தூங்கிவிடுவார் என்று பிள்ளைகளுக்குள் பேச்சு. இவள் கையைக் கழுவினாள், திரையை இழுத்தாள், கட்டிலின் எதிர்ப்பக்கத்துத் தடுப்புக் கம்பியைத் தூக்கிவிட்டாள். எல்லாம் சரி. தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. லேசாக இழுத்தாள்.

உடம்பு வரவில்லை.

கொஞ்சம் காத்திருந்தாள். இன்னும் கொஞ்சம். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வாய் தானாகச் சொன்னது: "ஐயா, கொஞ்சம் அந்தப் பக்கம் வாங்க."

பின்னால் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். மயக்கத்தில் இருப்பவர் எப்படி வருவார்? அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பலமெல்லாம் திரட்டி இழுத்தாள். சமையல்காரர் பாதி புரண்டு, தன் கை தன் உடம்புக்கே அடியில் மாட்டிக்கொண்டதால், மயக்கத்தை மறந்து "ஆத்தாடி" என்றார்.

"போதும்மா" என்றார் ஆசிரியை. மற்றவர்கள் போன பிறகு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தார். கடுமையான பெண்மணி என்று பெயர், அன்று குரல் தணிந்திருந்தது.

"வீட்டுல யார வச்சுப் பழகுனீங்க?"

"எங்க வீட்டுக்காரர மேடம்."

"ரொம்ப நல்லவரோ?"

"ஆமா மேடம். ரொம்ப நல்லவரு."

"அதான் கெட்டுது. அவரு கைய அவரே நகத்திட்டாரு, முட்டிய அவரே மடக்கிட்டாரு, நீங்க விரிப்ப உருவும்போது இடுப்பையும் தூக்கியிருப்பாரு. இத்தன நாளும் பாதி வேலைய நோயாளி செஞ்சிருக்காரு. உங்க கைக்கு அது தெரியவே இல்ல."

அன்று மாலை அவள் வீடு திரும்பினாள். செருப்பைக் கழற்றி, ஒன்று வாசலிலும் ஒன்று அறை நடுவிலுமாக விட்டுவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். செருப்பைச் சேர்த்து வைத்தபடியே அவர் கேட்டார்.

"போச்சா?"

"போச்சு."

"அந்த மேடம் ரொம்பக் கறாரோ?"

அவள் திரும்பிப் பார்த்தாள். சொல்லக்கூடாது என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தவள்தான். "உங்களாலதான் போச்சு" என்று சொல்லிவிட்டாள்.

எல்லாவற்றையும் கேட்டபிறகு அந்த மனிதரின் முகம் சுண்டிப்போயிற்று. வெள்ளை ஷூப் பெட்டியை மேசையிலிருந்து எடுத்து, கண்ணில் படாமல் அலமாரியின் தலையில் வைத்தார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. வாழ்நாளெல்லாம் யாருக்கு முந்திக்கொண்டு ஓடினாரோ, அவளையே அந்த ஓட்டம் தடுக்கி விழவைத்துவிட்டது.

அடுத்த விடுமுறை நாளில், மதியச் சாப்பாடு முடிந்ததும், அவள் கட்டிலைக் காட்டினாள்.

"படுங்க. நீங்க இனிமே மரக்கட்டை. எனக்கு எந்த உதவியும் வேணாம்."

"சரி."

"சரின்னு கூடச் சொல்லக் கூடாது."

படுத்தார். அவள் தோளில் கை வைத்ததுமே முட்டி தானாக மடங்கியது. பட்டென்று அதில் ஒரு அடி வைத்தாள். மறுபடி தொடங்கினாள்.

"முட்டி அசஞ்சுது" என்றார் மாமியார் ஜன்னலோரத்திலிருந்து.

"அம்மா, நீ சும்மா இரு."

"மரக்கட்டை பேசுது."

உடம்பை அசைக்காமலிருக்க அவர் மூச்சைப் பிடித்தார். முகம் சிவந்தது. "மூச்சு விடுங்க. மயக்கம்தான், சாவு இல்ல" என்றாள். விலாவில் கை பட்டால் கூச்சத்தில் நெளிந்தார். விரிப்பை உருவினால் இடுப்பு தானாக மேலெழுந்தது. "நான் தூக்கல, அதுவா தூக்குது" என்று பரிதாபமாகச் சொன்னார். கடைசியில் ஒருதரம், பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா கிடந்தார். அவள் குனிந்து இழுத்தாள். முழுக்கனமும் கையில் ஏறியது. அவளை அறியாமல் ஒரு முனகல் வந்தது.

அவ்வளவுதான். துள்ளி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"வேணாம்மா. இந்தப் படிப்பே வேணாம். நீ இவ்வளவு கனம் தூக்கக் கூடாது."

எந்தச் சண்டையையும் பாதியில் விட்டு எழுந்தறியாத மாமியார், மூட்டு வலியோடு சுவரைப் பிடித்து நடந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னும் அந்த வாளியையே தூக்கிட்டுத் திரியிறீங்களா?"

அவர் விரிப்பின் ஒரு நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"டாக்டர் சொன்னப்ப நீங்க கேக்கல. எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு ஓரத்துல சந்தேகம் இருந்துது. அதனால பாடம் எடுத்த மேடம்கிட்டயே தனியா நின்னு கேட்டேன். அவ்வளவு சின்னதுலயே கலைஞ்சு போறது பெரும்பாலும் கருவுலயே இருக்கிற குறையாலதானாம். வாளியால இல்ல. நீங்க வாசல்ல பேசிட்டு நின்னதால இல்லவே இல்ல."

"இத எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க ஒரு தடவ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நான் வாயத் திறக்கிறதுக்குள்ள கையில இருக்கிறத வாங்கிட்டுப் போயிடுறீங்க."

அவர் குனிந்த தலை நிமிரவில்லை. எத்தனையோ வருடமாக அவளுக்காகத் தூக்கிய பைகளும் வாளிகளும் அந்த நேரத்தில் அவர் தோள்மேல் வந்து இறங்கியிருக்க வேண்டும்.

"நான் தூக்கினதெல்லாம் உனக்குத் தொந்தரவா இருந்துச்சா?"

"இல்லங்க. சுகமாத்தான் இருந்துது. ஆனா என்னால முடியும்னு நீங்க நம்புற மாதிரி ஒரு நாளும் தோணினதில்ல." அவள் அவர் தோளை மெல்ல அழுத்தினாள். "படுங்க. ஒரே ஒரு தடவ என் கையில கனமா இருங்க. உங்கள நான் கீழ விட மாட்டேன்."

அவர் படுத்தார். கண்ணை மூடினார். மூடிய இமைக்குள்ளிருந்து கண்ணீர் கசிந்து காதுப் பக்கம் ஓடியது.

"மயக்கத்துல இருக்கிறவங்க அழ மாட்டாங்க."

"அது தானா வருது."

"அப்ப தொடைக்கிறேன். அதுவும் பாடத்துல இருக்கு."

துடைத்தாள். பிறகு, பல வருடத்துக்கு முன் ஒருத்தி தன்னிடம் சொன்னதுபோலவே, ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். "இந்தக் கைய வெளிய நகத்துறேன். அந்தக் கைய எடுத்து நெஞ்சு மேல வைக்கிறேன். அந்தப் பக்கத்து முட்டிய மடக்குறேன். இப்ப உங்கள என் பக்கம் திருப்பப் போறேன்." அவள் தன் முட்டியை மடக்கி, காலை ஊன்றி நின்றாள். அவருடைய உடம்பு எதையும் முந்தவில்லை. தோளும் இடுப்பும் முதுகும் எல்லாக் கனத்தோடும் அவளிடம் வந்தன. வந்து, நின்றன. அவள் விழவில்லை. அவரும் விழவில்லை.

சமையலறையிலிருந்து குரல் கேட்டது: "ஆச்சா? நான் உக்காரலாமா? கால் கடுக்குது."

பெண்களே, கதையை இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி உங்களிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்று அவள் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். உங்கள் பயத்தை அவளிடம் எடுத்துச் சொல்லி, என்ன பதில் எழுதட்டும் என்று கேட்டேன். துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "பயம் போகட்டும்னு காத்திருக்க வேணாம்னு சொல்லுங்க. கை நடுங்கினா நடுங்கட்டும், வாய் மட்டும் செய்யிறதச் சொல்லிக்கிட்டே இருக்கணும். அதக் கேட்டு நோயாளியும் அடங்குவாங்க, கையும் அடங்கும். தெரியலன்னா தெரியலன்னு கேக்கணும். அப்புறம், வீட்டுல யாரையாவது படுக்க வச்சுப் பழகுனா, ரொம்பப் பாசமா இருக்கிறவங்க வேணாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்ல, அவங்களே இருக்கட்டும். சும்மா கிடக்கச் சொல்லிக் குடுத்துடணும்" என்றாள்.

இரண்டாவது தேர்வன்று முந்திரி கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பள்ளி வாசலில் நின்றார். கக்கத்தில் அந்த ஷூப் பெட்டி. உள்ளே போய்ப் பார்க்கத் துடித்த காலை அடக்கிக்கொண்டு, காவலாளியிடம் கூட எதுவும் கேட்காமல் நின்றாராம். அவருக்கு அதுவே பெரிய தேர்வு.

உள்ளே அதே கட்டில், அதே சமையல்காரர். இவளைக் கண்டதும் தன் கையை ஒருமுறை தடவிவிட்டுக்கொண்டு மயக்கமானார். அவள் கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள். "ஐயா, உங்க விரிப்ப மாத்தப் போறேன். முதல்ல இந்தக் கைய நகத்துறேன்." சொல்லச் சொல்ல நடுக்கம் குறைந்தது. அந்தப் பெரிய உடம்பு அவளிடம் வந்து நின்றது, திரும்பிப் போனது. பழைய விரிப்பு உருவப்பட்டது, புதியது இழுபட்டது, நான்கு மூலையும் மடிந்தன. ஆசிரியை விரிப்பின்மேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தார். எங்கும் ஒரு சுருக்கமும் தட்டவில்லை.

"தேர்வு முடிஞ்சுது, எழுந்திருங்க" என்றார் சமையல்காரரிடம்.

"இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே படுத்துக்கட்டுமா மேடம்? நல்லா இருக்கு" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

அவள் வெளியே வந்தபோது முந்திரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை, நடையைத்தான் பார்த்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வாசலோரச் சிமெண்ட் திண்டைத் தன் கைக்குட்டையால் தட்டிவிட்டார். அவள் உட்கார்ந்தாள். பெட்டி திறந்தது. வழக்கம்போல அவர் உடம்பு கீழே குந்தியது, கை அவள் காலை நோக்கிப் போனது, பாதி வழியில் நின்றது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவள் ஒரு ஷூவை எடுத்தாள். அவசரமில்லாமல் மாட்டினாள், நாடாவை இழுத்துக் கட்டினாள். பள்ளிக்கூடக் குழந்தை முதல்முறை முடிச்சுப் போடுவதைப் பார்ப்பதுபோல அவர் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். சரியான அளவு.

பிறகு அவள் மற்ற ஷூவை அவர் மடியில் வைத்துவிட்டு, அடுத்த காலை நீட்டினாள்.

"இது உங்களுக்கு" என்றாள்.